ஹவுளில் வந்த சம்மதம்

1964 ஆனி மாதத்திலிருந்து போர்ட் பிளேர் பள்ளிவாசலின் ஹவுளில், அதாவது தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் தொட்டியில், கடலுக்கு அப்பால் கீழக்கரைப் பள்ளிவாசலில் பேசுவது கேட்டது. அங்குள்ள ஹவுளில் இங்குள்ள பேச்சும் கேட்டது. தண்ணீர் கலங்கினால் குரலும் கலங்கும். முதல் வாரம் கூட்டம் கூடியது. பிறகு கடைக்காரர்கள் தொழுகைக்கு வரும்போது குனிந்து வெங்காய விலை கேட்டுக்கொண்டார்கள்.

துணிக்கடை நஜிமுதீனுக்குக் கீழக்கரைப் பெண் ஆசியாவைப் பேசி முடித்திருந்தார்கள். ஆடிக் காற்றில் கப்பல் நின்றுபோன சமயம், பெண்ணின் வாப்பா காதர் படுத்த படுக்கையானார். தன் வாயால் மகளைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் போய்விட்டால் அந்தப் பொறுப்பு அவர் தம்பிக்குச் சேரும். தம்பியோ ஆசியாவைத் தன் மகன் சித்தீக்குக்கே முடிக்க நினைத்திருந்தார்.

"ஹவுள் வழியாவே நிக்காஹ் வச்சிரலாமே, ஆலிம்சா" என்றான் நஜிமுதீன்.

"சரிப்படாது தம்பி. கொடுக்கிறவரும் ஏத்துக்கிறவரும் சாட்சியும் ஒரே மஜ்லிஸ்ல, ஒரே சபையில இருக்கணும். சாட்சி எதப் பாத்துச் சொல்லும், தண்ணியையா?" என்றார் இமாம். "அங்க ஒரு வக்கீல வையி. ஒனக்குப் பதிலா அவரு உக்காந்து ஏத்துக்கட்டும். ஆனா பேசுறது நீதான்னு தெரியிற மாதிரி, ஒன் குரல் பழகின ஆளா இருக்கணும்."

கீழக்கரையில் அவன் குரல் பழகியவன் ஒருவன்தான்: இரண்டு வருஷம் இங்கே அபர்தீன் பஜாரில் அவனோடு கடையில் நின்ற அதே சித்தீக்.

வெள்ளிக்கிழமை கீழக்கரையில் காதரைக் கட்டிலோடு பள்ளிவாசலுக்குத் தூக்கி வந்தார்கள். இங்கே நஜிமுதீன் ஹவுளில் குனிந்தான்.

"மச்சான், கேக்குதா?"

"ஒன் மூக்கடைச்ச குரல் கேக்காமலா? சொல்லுடா."

"எனக்கு வக்கீலா உக்காருவியா?"

தண்ணீரில் சித்தீக்கின் வாப்பா தொண்டையைச் செருமியது மட்டும் கேட்டது. மறுப்பதற்கு சித்தீக் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதும்.

"இருடா, ஒளு செஞ்சிட்டு வாரேன்" என்றான் சித்தீக்.

அங்கே அவன் கை நனைத்ததில் இங்கே தண்ணீர் அலைந்தது. அது தெளியும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

மெலிந்த குரலில் காதர், தன் மகளை நஜிமுதீனுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன் என்றார். "நஜிமுதீனுக்காக இந்த நிக்காஹை ஏத்துக்கிட்டேன்" என்றான் சித்தீக். அந்த ஊர்ச் சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். இங்கே நிற்பவர்கள் சாட்சிகள் அல்ல, வெறுமனே கேட்டவர்கள் என்று இமாம் நினைவூட்டிவிட்டு, முதல் ஆளாகச் சர்க்கரை வழங்கினார்.

மூன்றாம் நாள் காதர் மவுத்தானார். காற்று ஓய்ந்ததும் நஜிமுதீன் கப்பலேறிப் போய் ஆசியாவை அழைத்து வந்தான். மதராஸ் துறைமுகம்வரை வந்து அவள் பெட்டியைச் சுமந்தவன் சித்தீக். பிற்பாடு அந்த ஹவுள் வழியாகப் பதினோரு பேர் வக்கீல் வைத்தார்கள். பள்ளிவாசலில் ஒரு பலகை மட்டும் மாட்டினார்கள்: மறுகரையில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் மெதுவாக ஒளு செய்யவும்.