மூன்றாம் வளைவு

நடீன் அப்பாவின் இடது கன்னத்தை மழித்து முடித்துவிட்டுக் கத்தியைக் கிண்ணத்தில் அலசினாள். வெளியே மாலைக் கார் பந்தயத்துக்கு வண்டிகள் ஓடிப் பார்த்துக்கொண்டிருந்தன. பந்தயத் தடத்தின் மூன்றாம் வளைவுக்குப் பின்னால்தான் வீடு. வண்டிகள் கூட்டமாகத் திரும்பும்போதெல்லாம் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த இரைச்சல் தாண்டிப் போகும்வரை காத்திருந்து, பிறகே அவள் கத்தியை அவர் தோலில் வைத்தாள்.

"அது ஹாய்ட்டோட வண்டி," என்றார் ஆர்வில் டீக், கண்ணைத் திறக்காமலே. "எஞ்சின் இருமுது."

"நீங்க இருமாம இருங்க. வெட்டிரும்."

"மழை வருமா?"

"வராது."

"அப்பக் கூட்டம் வரும்."

அவருக்கு ஈரலில் புற்று. இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். கைகள் மெலிந்து குச்சியாகிவிட்டன. வயிறு மட்டும் ஊதியிருந்தது.

கரோலினா மலையடிவாரத்தில் அந்த இடம் முன்பு புகையிலை வயல். போரிலிருந்து திரும்பிய ஆர்வில், கள்ளச்சாராயம் கடத்துகிறவர்கள் யார் வண்டி வேகம் என்று அடித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, வயலை வட்டமாகச் சீவி மண்ணை இறுக்கினார். முதல் பந்தயத்துக்கு வேலிகூடக் கிடையாது, வெறும் கயிறுதான். சர்ச்சுக்குப் போட்டுப்போன உடுப்போடு ஜனங்கள் செம்மண் புழுதியில் நின்று பார்த்தார்கள். பிறகு தார் வந்தது. பலகை இருக்கைகள் வந்தன, நடீன் பார்த்துக்கொள்ளும் தின்பண்டக் கடை வந்தது. மூன்றாம் வளைவில் மட்டும் மரக்கம்பங்களில் அடித்த இரும்புத் தகடே வேலி. அங்கே கான்கிரீட் சுவர் வேண்டும் என்று ஓட்டுகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்பா ஒரு குளிர்காலத்தில் மலைச்சரிவில் கான்கிரீட் இருக்கைகள் கட்டினார். சுவர் அடுத்த வருஷம் என்றார்.

அடுத்து வந்த கோடையில், ஒரு ஞாயிறு மதியப் பந்தயத்தில், அவருடைய மூத்த மகன் கர்ட்டிஸ் வண்டியோடு அந்தத் தகட்டைப் பிய்த்துக்கொண்டு போனான். கம்பம் ஒன்று வண்டிக்குள் புகுந்தது. ஆம்புலன்ஸ் அவசரமில்லாமல் கிளம்பிப் போனது. கடையில் இறைச்சி வறுத்துக்கொண்டிருந்த நடீனுக்கு ஒலிபெருக்கியில் அப்பாவின் குரல் கேட்டது. "தடம் சுத்தமாயிருச்சு. வண்டிகள வரிசைக்குக் கொண்டுவாங்க." பந்தயம் முடியும்வரை ஆட்கள் கடைக்கு வந்தபடியே இருந்தார்கள். ரொட்டி தீர்ந்துபோனது.

மறுவாரமே சுவர் எழும்பியது. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மா பேசாமலே போய்ச் சேர்ந்தாள்.

நடீன் வலது கன்னத்தில் நுரை தடவினாள். தலையை லேசாகச் சாய்த்துத் தாடையைப் பிடித்தாள்.

"அப்பா. அன்னிக்கு ஏன் மறுபடி ஓட விட்டீங்க?"

அவர் கண்ணைத் திறந்தார். மஞ்சள் பூத்த கண்கள். வண்டிகள் வந்து, திரும்பி, போயின.

"நுரை காயுதும்மா," என்றார். "சீக்கிரம் மழி."

அவள் மழித்தாள். காதோரத்திலிருந்து கத்தி பாதி இறங்கியபோது, தாடையில் இருந்த அவள் கைக்கு ஏதோ வித்தியாசம் தெரிந்தது. மூச்சு ஒன்று வெளியே வந்தது. அடுத்தது வரவில்லை. காத்துப் பார்த்தாள். பிறகு கத்தியை அலசிக்கொண்டு மிச்சத்தையும் மழிக்கத் தொடங்கினாள்.

களத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ராய்ஸ் உள்ளே வந்தபோது அவள் மோவாயை மழித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தூங்கறாரா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் தொப்பியைக் கழற்றினான். வாசலிலேயே நின்றான்.

கொஞ்சம் கழித்து, "ஜனம் வந்து உக்காந்தாச்சு," என்றான். "ஒரு நிமிஷம் எந்திரிச்சு நிக்கச் சொல்லிட்டு ஆரம்பிச்சிருவோம். அப்பா இருந்தா அதத்தான் சொல்வாரு."

"ஆமா. அதத்தான் சொல்வாரு."

"அப்புறம் என்ன?"

"இன்னிக்கு ஓடாது."

ராய்ஸ் அவளையே பார்த்தான். "இது நீ அவருக்குச் செய்யற மரியாதையா, இல்ல பழி தீர்க்கறியா?"

"வாயக் கட்டணும்," என்றாள் நடீன், துண்டை நீளவாக்கில் மடித்தபடி. "அந்தப் பக்கம் பிடி."

பிடித்தான். முடிச்சுப் போட்டதும், "நான் சொல்ல மாட்டேன். நீயே போய்ச் சொல்லிக்க," என்று கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டான்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு களத்துக்கு நடந்தாள். கொடிக்காரரிடம் சிவப்பைக் காட்டச் சொன்னாள். வண்டிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து நின்றன. அறிவிப்பு மேடையின் மரப்படிகளில் ஏறி ஒலிவாங்கியை வாங்கினாள்.

"ஆர்வில் டீக் இறந்துட்டாரு. இன்னிக்குப் பந்தயம் இல்ல. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

ஆண்கள் தொப்பிகளைக் கழற்றினார்கள். மேல் வரிசையிலிருந்து ஒருவன், "கெழவன் இருந்திருந்தா ஓட விட்டிருப்பான்," என்றான். யாரும் அவனை அடக்கவில்லை. அவள் ஒலிவாங்கியை அணைத்தாள். கான்கிரீட் படிகளில் ஜனங்கள் கூடைகளையும் உட்காரும் திண்டுகளையும் தூக்கிக்கொண்டு இறங்கத் தொடங்கினார்கள்.

அவள் வண்டிகள் நின்ற இடத்துக்கு வந்தாள். ஹாய்ட் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். தலை நரைத்துவிட்டது. கர்ட்டிஸின் வண்டியை அன்று பின்னாலிருந்து உரசியது அவன் வண்டி. மறுபடி ஓடிய பந்தயத்தில் ஜெயித்ததும் அவன்தான்.

"கஷ்டப்பட்டாரா?"

"இல்ல. சவரம் பண்ணிட்டிருந்தேன்."

அவன் கீழே பார்த்தான். "அன்னிக்கு வாங்கின கோப்பைய என் பொண்டாட்டி வீட்டுக்குள்ள விடல நடீன். வரமாட்டேன்னு நானும் சொல்லியிருக்கலாம். உங்கப்பா வரிசைக்கு வான்னாரு. போய் நின்னேன்."

அவன் தலைக்கவசத்தை இருக்கையில் போட்டான். உள்ளே ஏறவில்லை. சன்னல் வழியாக ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தோளைக் கொடுத்து வண்டியைத் தள்ளத் தொடங்கினான். ஏற்றிச்செல்லும் லாரி வெளிவாசல் பக்கம் நின்றது, வழி மேடு.

"ஸ்டார்ட் பண்ணிக்கலாமே," என்றான் பக்கத்து வண்டிக்காரன்.

"வேணாம். இன்னிக்கு எஞ்சின் சத்தமே வேணாம்."

அந்த ஆள் கொஞ்சம் யோசித்தான். பிறகு தன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான். அவனுக்குப் பின்னாலும் இரண்டு பேர் இறங்கினார்கள். சரளைக்கல்லில் டயர் அரைபடும் சத்தம் மட்டும் கேட்டது.

மேட்டில் ஹாய்ட்டின் வண்டி நின்றுபோனது. நடீன் பின்னால் போய் இரண்டு கையையும் அதன்மேல் வைத்தாள். தகடு இன்னும் சூடாக இருந்தது. குனிந்து தள்ளினாள்.