ஏழாம் நம்பர் கேமரா

மின்விசிறியைப் போட்டது நான்தான். இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். பதினாறு பேர் சாட்சி இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரும் எனக்காகப் பொய் சொல்லப் போவதில்லை. பேட்டையில் மைதீன் பாயின் மசாலா மில்லுக்குக் கேமரா வைக்க இடம் பார்க்கப் போன அன்று, ஏணியில் நின்று சுவரை அளந்துகொண்டிருந்தேன். வியர்வை கண்ணில் இறங்கியது. பக்கத்தில் ஆள் உயரத்துக்கு நின்ற மின்விசிறியின் பொத்தான் கைக்கு எட்டியது, அழுத்தினேன். அது எதைப் பார்த்து நிற்கிறது என்று கவனிக்கவில்லை. அப்போதுதான் அரைத்துக் கொட்டி ஆறப் போட்டிருந்த மிளகாய்த்தூளைப் பார்த்து நின்றது அது.

சிவப்பாக ஒரு மேகம் எழுந்தது. பெண்கள் மூக்கையும் வாயையும் மூடித் துண்டு கட்டியிருந்ததால் அவர்களுக்குக் கண் மட்டும் எரிந்தது. எனக்கு முகத்தில் என்னென்ன உண்டோ எல்லாம் எரிந்தது. ஏணியிலிருந்து இறங்கினேனா விழுந்தேனா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. எல்லோரும் முற்றத்துக்கு ஓடித் தும்மிக்கொண்டிருக்க, கண்ணைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்த என் கையில் யாரோ ஒரு செம்புத் தண்ணீரைத் திணித்தார்கள். "ஊரையெல்லாம் பாக்க மிசின் மாட்ட வந்துருக்காவ. முன்னால இருக்க மொளகாப்பொடி தெரியல" என்றது ஒரு பெண்குரல்.

பொன்செல்வி என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். சேரன்மகாதேவியிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவள். பதினான்கு வருஷமாக அந்த மில்லில் இருக்கிறாள். மிளகாய் வற்றலைத் தொடாமலே, முகர்ந்தே எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுவாளாம். குரல் தெரிந்தது, கண் தெரிந்தது. முகத்தைப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன்.

மைதீன் பாய் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அறுபத்தெட்டு வயது, வெள்ளைத் தாடி, வெள்ளைச் சட்டை. அதன் இரண்டு கையிலும் மஞ்சள் கறை. தரையில் சிதறிய தூளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டது யார் என்று ஞாபகப்படுத்திக்கொள்கிறவர் மாதிரி இருந்தது.

உண்மையில் கூப்பிட்டது அவர் இல்லை, ஷார்ஜாவில் இருக்கும் அவர் மகன் அப்ரார். அதற்கு முந்தின மாதம் அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண வீட்டுப் பிரியாணி, பாய் மில் மசாலா. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வாய் சாப்பிட்டதும் நாக்கு மரத்துப்போய், வாயைத் திறந்தபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கிராம்பு அதிகம். சமையல்காரர் மீதி மசாலா மூட்டையோடு பஸ் ஏறி வந்து, பாய் முன்னால் இறக்கி வைத்து, ஒரு சிட்டிகை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்திருக்கிறார். நாற்பது வருஷத்தில் திரும்பி வந்த முதல் மூட்டை.

மில்லில் ஒரு வழக்கம் உண்டு. வடக்கு மூலையில் கலவை அறை. காலையில் பாய் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பதினொரு சரக்கை நிறுத்து, பதினொரு கும்பாவில் வரிசையாக மேசைமேல் வைப்பார். பூட்டிவிட்டு மதியம் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போவார். வந்தபின் எல்லாவற்றையும் கொட்டிக் கலந்து அரவைக்கு அனுப்புவார். அந்த அளவு அவருடைய வாப்பா சொல்லிக்கொடுத்தது. அப்ராருக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. அறையின் சாவி அலுவலகத்தில் காலண்டருக்குப் பின்னால் தொங்கும். அது ரகசியம் என்று மில்லில் நினைத்துக்கொண்டிருந்தவர் பாய் ஒருவர்தான்.

அப்ராரின் கணிப்பில் சந்தேகமே இல்லை. பாய் தொழப் போகும் நேரத்தில் யாரோ உள்ளே போய்க் கலவையைக் கெடுக்கிறார்கள். வேறு மில்காரன் ஆள் வைத்திருக்கிறான். "பொன்செல்வியாத்தான் இருக்கும்ணே, சரக்கு தெரிஞ்சவ அவதான்" என்றான் போனில். "நீங்க புடிச்சு மட்டும் குடுங்க, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருதேன்."

எனக்கு இந்த வேலை பெரிய விஷயம். அதுவரை நான் மாட்டியதெல்லாம் மந்தக் கேமராக்கள். நடப்பதைப் பார்க்கும், பதியும், ஒன்றும் புரிந்துகொள்ளாது, என்னை மாதிரி. இது புத்தியுள்ளது. முகம் அறியும், ஆளை எண்ணும், ஒரு கோட்டைத் தாண்டினால் போனில் மணி அடிக்கும். பன்னிரண்டு கேமரா, பதிவுப்பெட்டி, ஒரு மாதப் பதிவைத் தாங்கும் ஹார்ட் டிஸ்க், கேபிளிலேயே கரண்ட் கொடுக்கும் சுவிட்ச், கரண்ட் போனால் நாலு மணி நேரம் இழுக்கும் பேட்டரி. வரைதாளில் மில்லை வரைந்து ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டேன். கலவை அறைக் கதவைப் பார்ப்பது ஏழாம் நம்பர்.

ஆனால் திட்டம் போட முதல் கேள்வி ஒன்று இருக்கிறது. எந்தக் கம்பெனிச் சாமானாக இருந்தாலும் அதுதான் முதல். யாரைப் பார்க்க வேண்டும்? லென்ஸ், உயரம், கோணம் எல்லாம் அதற்கு அப்புறம். பாயிடம் மூன்று முறை கேட்டேன். முதல் முறை "பாப்போம்வே" என்றார். இரண்டாம் முறை "டீ குடிச்சீரா?" என்றார். மூன்றாம் முறை என்னையே ஏற இறங்கப் பார்த்துவிட்டு மல்லி காயும் முற்றத்துக்குப் போய்விட்டார். என்மேலும் சந்தேகமோ என்று எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது.

பெண்களுக்கு அதில் சந்தேகமே இல்லை. நான் போனால் பேச்சு நிற்கும், திரும்பினால் சிரிப்பு கேட்கும். வேவு பார்க்க வந்தவன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அது பொய்யும் இல்லை. முன்பு டவுனில் ஒரு துணிக்கடைக்குக் கேமரா மாட்டினேன். கால் வலிக்கு ஸ்டூலில் உட்கார்ந்த ஒரு விற்பனைப் பெண்ணை அதில் பார்த்து மறுநாளே நிறுத்திவிட்டார்கள். படம் நல்ல தெளிவு என்று முதலாளி எனக்குக் கைகொடுத்தார். அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வீடு வரைக்கும் தெரியவில்லை.

தூசியில் படம் எப்படி வரும் என்று பார்க்க, கலவை அறைக்கு எதிரே ஒரு கேமராவை மட்டும் ஒரு வாரத்துக்கு மாட்டினேன். அறைக் கதவின் மேல்பாதி கம்பிவலை, மேசை வரைக்கும் தெரியும். புத்தியுள்ள மிசினின் புத்தி முதல் நாளே தெரிந்தது. எல்லோரும் துண்டு கட்டியிருந்ததால் ஒரு முகமும் அதற்குப் பிடிபடவில்லை. அடுக்கிவைத்த மூட்டையை ஆள் என்று எண்ணியது. மில் முழுக்க அது அறிந்த ஒரே முகம், துண்டே கட்டாத மைதீன் பாய்தான். அவரைப் பச்சைக் கட்டத்துக்குள் போட்டுப் பேர் எழுதியது. மற்ற எல்லோருக்கும் சிவப்புக் கட்டம், 'அறியாதவர்'.

வாரம் முடிந்து பதிவை வீட்டில் போட்டுப் பார்த்தேன். திங்கட்கிழமை மதியம், பாய் பள்ளிக்குப் போன ஆறாவது நிமிஷம், ஒரு சிவப்புக் கட்டம் சாவியோடு வந்தது. அந்த நடையை நான் அறிவேன். உள்ளே போய், கும்பா ஒவ்வொன்றாகக் குனிந்து முகர்ந்தாள். ஒரு கும்பாவை எடுத்து, ஓரத்தில் இருந்த கறுப்பு டின்னில் கவிழ்த்தாள். வேறொரு டின்னைத் திறந்து, அதே கும்பாவில் எதையோ அள்ளிப் போட்டாள். பூட்டினாள், போனாள்.

பிடித்துவிட்டேன். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அப்ராருக்குப் போன் போட்டேன், கிடைக்கவில்லை. சரி, முழுசாக வெட்டி அனுப்புவோம் என்று பதிவைக் காலைவரைக்கும் பின்னால் ஓட்டினேன்.

காலை பத்தே முக்காலுக்குப் பச்சைக் கட்டம் உள்ளே நிற்கிறது. கறுப்பு டின்னிலிருந்து கிராம்பை அள்ளி மூன்றாவது கும்பாவில் போடுகிறார். போன் அடிக்கிறது. வெளியே வந்து பேசுகிறார், திரும்ப உள்ளே போகிறார். கும்பாக்களைப் பார்த்தபடி நிற்கிறார். படம் நின்றுவிட்டதோ என்று நான் பொத்தானைத் தட்டும் அளவுக்கு நிற்கிறார். பிறகு அதே கறுப்பு டின்னைத் திறந்து, அள்ளி, நாலாவது கும்பாவில் போடுகிறார்.

மதியம் அவள் கவிழ்த்தது அந்த நாலாவதைத்தான்.

செவ்வாய்க்கிழமை எல்லாம் சரியாக இருந்தது போல. அவள் வந்தாள், முகர்ந்தாள், எதையும் தொடாமல் போனாள். புதன்கிழமை ஒரு கும்பா வெறுமையாக இருந்தது, அதை நிரப்பினாள். யாரும் அவளிடம் அளவைச் சொல்லவில்லை. பதினான்கு வருஷமாகக் கதவுக்கு வெளியே நின்ற மூக்கு அது. மறுநாள் வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். அம்பாசமுத்திரத்து மூட்டை கலந்த நாளில் பொன்செல்வி லீவு, அக்கா மகள் வீட்டு விசேஷம். இதற்கிடையில் அப்ராரிடமிருந்து நாலு தடவை போன் வந்திருந்தது. ஒன்றையும் நான் எடுக்கவில்லை.

முற்றத்துக் குழாயடியில் அவளைப் பிடித்தேன். துண்டை அவிழ்த்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். மேல்பாதி வெயிலில் கறுத்தும் துண்டு மறைத்த கீழ்ப்பாதி வெளுத்தும், இரண்டு பேருடைய முகம் மாதிரி இருந்தது. மதியம் அந்த அறைக்குள் என்ன வேலை என்று கேட்டேன். மேகம் மூடுகிறது, மல்லியை அள்ள வேண்டும் என்றாள். பயமில்லையா என்று கேட்டதற்கு, பஸ்ஸில் இப்போதெல்லாம் கூட்டம் அதிகம் என்றாள். முதலாளியிடமே கற்றிருப்பாள் போல. நாலு எட்டு போனவள் திரும்பி நின்றாள்.

"அண்ணாச்சி, அந்த மூலைக்குக் கேமரா சரிப்படாதுன்னு எழுதுனா ஒங்களுக்கு என்ன கொறஞ்சுபோவும்? மொதலாளிக்குத் தெரியாண்டாம். தெரிஞ்சா ஒடைஞ்சு போயிருவாவ."

அன்றைக்கே வரைதாளில் ஏழாம் நம்பரை அழித்தேன். 'தூசி அதிகம், கேமராவுக்கு ஏற்ற இடமில்லை' என்று ஓரத்தில் எழுதினேன். என் வாழ்க்கையில் ஓர் இடத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக நான் போட்ட முதல் திட்டம்.

மறுநாள் லுஹருக்குக் கொஞ்சம் முன்னால் அதை பாயின் மேசையில் விரித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றின்மேலும் விரல் வைத்தார். இது என்ன பார்க்கும், இது எவ்வளவு தூரம் தெரியும் என்று பைய பைய கேட்டு வந்தார். நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். விரல் நின்றது.

"ஆறுக்குப் பொறவு எட்டாவே?"

ஏழாம் நம்பரை அழித்த முட்டாள், மற்ற நம்பர்களை மாற்ற மறந்திருந்தான். தூசி என்றேன். லென்ஸ் கெட்டுவிடும் என்றேன். வாய் பேசிக்கொண்டிருக்க, காது சூடாகிக்கொண்டிருந்தது.

"தூசி இல்லாத எடம் இந்த மில்லுல எங்கன இருக்கு?" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "யாரு சொல்லி அழிச்சீரு? அப்ராரா, வேற யாருமா?"

யாரும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. நம்பும்படியாக நான் சொல்லவும் இல்லை. பேச்சை மாற்ற வேறு வழி தெரியாமல், நாலாவது முறையாக அதே கேள்வியைக் கேட்டேன்.

"நீங்க யாரைப் பாக்கணும்னு நினைக்கிறீங்க பாய்?"

அவர் பென்சிலை எடுத்தார். கலவை அறைக்கு எதிரே அழித்த இடத்தில் போடுவார் என்று பார்த்தேன். பென்சில் கதவைத் தாண்டி அறைக்குள் போனது. மேசைக்கு நேர் மேலே நின்று, ஏழு என்று எழுதியது.

"என்னையத்தான்வே" என்றார். "நான் என்ன போடுதேன், எத்தன தடவ போடுதேன்னு எனக்குத் தெரியணும். கிராம்ப ரெண்டு தடவ அள்ளுன மாதிரி இருக்கு, மறுநா டின்னத் தொறந்தா ஒரு தடவ அள்ளுனதுதான் கொறஞ்சு கெடக்கு. கெடுக்க வாரவன் திருப்பிக் கொட்டி வச்சுட்டுப் போவானா? அந்தப் படம் அப்ராருக்குப் போவாண்டாம். நான் மட்டும் பாத்தாப் போதும்."

பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பாய் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். நானும் வரைதாளைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனேன். கலவை அறைக் கதவைச் சாத்தினார். பூட்டைக் கொண்டியில் மாட்டினார். அமுக்கவில்லை. சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் முற்றத்தைக் கடந்து தெருவில் இறங்கிப் போனார்.

மல்லிக் குவியலுக்கு அந்தப் பக்கம் பொன்செல்வி நின்றாள். துண்டின் ஒரு முனை கையில், ஒரு முனை காதில். வாயைத் திறந்தபடி கொண்டியில் தொங்கும் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிராம்பு வாசனையோடு காற்று வந்து பூட்டை லேசாக ஆட்டியது.