உறவுமுறை என்ற கட்டம்

இருநூற்று எழுபத்தேழு மணி நேரம். அந்தப் பெரியவர் வெளியே போனதிலிருந்து இன்று காலை ஐந்தரைக்கு அவ்வளவு ஆகியிருந்தது.

மயக்கம் தெளியும் அறையில் வேலையைத் தொடங்கியிருந்தோம். ஆயாம்மா மண்டியிட்டு, கட்டில்களுக்கு அடியில் பிளீச்சிங் தண்ணீர் விட்டுத் துடைத்தாள். ஸ்ட்ரெச்சர் அண்ணன் ஆக்சிஜன் சிலிண்டரைச் சாய்த்து, அடி விளிம்பில் உருட்டி வந்தார். நான் பச்சை விரிப்புகளை மடித்தேன். அவர் படுத்திருந்த மூன்றாம் கட்டிலின் விரிப்பை மட்டும் பார்க்காமல் மடித்தேன்.

எங்கள் மையத்தில் காலையில் அறுவை, மாலையில் வீடு. மயக்க மருந்து பெற்றவரைத் தனியாக அனுப்பக் கூடாது என்பது விதி. கூட்டிப்போகிறவர் பதிவேட்டில் கையெழுத்திட்டு, ‘உறவுமுறை’ என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும்.

தனியாகப் போன பெரியவர் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் செத்துக் கிடந்தார். தூங்குகிறார் என்று இருட்டும்வரை யாரும் எழுப்பவில்லை. தலையில் எங்கள் நீலத் தொப்பி அப்படியே இருந்ததாம். தினமும் நான் இறங்குவது அந்த நிறுத்தத்தில்தான்.

ஏழு மணிக்குப் பெரிய டாக்டர் வந்தார். மையம் அவருடையது. கையில் ஒரு தாள்.

“ஆயா, இதுல கைநாட்டு வச்சிடு. ரெண்டு மாசம் வீட்ல இரு. அப்புறம் பாத்துக்கலாம்.”

“என்னங்க எழுதியிருக்கு?”

“மக கார் எடுத்துட்டு வர்றதுக்குள்ள, நீ அவரை வாசல்ல விட்டுட்டு வந்துட்டேன்னு.”

“எந்த மக? அவருக்குத்தான் யாருமே இல்லையே! கட்டில் வேணும், சீக்கிரம் இறக்குன்னு நீங்கதானே கத்துனீங்க?”

“ரெஜிஸ்டர்ல ‘மகள்’னு கையெழுத்து இருக்கு. ரெஜிஸ்டர் பொய் சொல்லுமா?”

“நம்ம ரெஜிஸ்டரா சார்?” என்றார் ஸ்ட்ரெச்சர் அண்ணன். “அது கணக்குல எனக்கு இந்த வருஷம் மட்டும் ஏழு அப்பா, மூணு பெண்டாட்டி.”

“விளையாட்டா இருக்கா? மையத்தை மூடிட்டா உங்க வீட்ல அடுப்பு எரியுமா? பத்து மணிக்கு ஆய்வுக்கு வர்றாங்க. அதுக்குள்ள கைநாட்டு இருக்கணும்.”

தாளை மூன்றாம் கட்டிலில் போட்டுவிட்டுப் போனார்.

ஆயாம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். “பத்தொன்பது வருஷமா இந்தத் தரையைத் துடைக்கிறேன். செய்யாத தப்புக்கு இந்த விரலைத் தர மாட்டேன்.”

“தர வேணாம்,” என்றார் அண்ணன். “யாரும் வராத பேஷண்டுக்கெல்லாம் நாமதானே கையெழுத்துப் போட்டோம்? போடச் சொன்னது அவர். அதைச் சொல்லிடுவோம். ஒருத்தரா சொன்னா வெளிய தள்ளிடுவாரு. எல்லாரும் சொன்னா, நாளைக்கு ஸ்ட்ரெச்சரை அவரேவா தள்ளுவாரு?”

“அந்த ‘மகள்’ யாரு போட்டதுன்னு தெரியலையே?”

“யாரு போட்டிருந்தாலும் அது நம்ம எல்லார் கையெழுத்தும்தான்.”

ஆயாம்மா என் பக்கம் திரும்பினாள். “சயின்ஸ் படிச்ச புள்ள, நீ ஏன்டி வாயே திறக்க மாட்டேங்கிற?”

மடித்த விரிப்பைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

பத்து மணிக்கு ஆய்வு அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட அம்மாள், அதிகம் பேசவில்லை. பதிவேட்டைப் புரட்டி ஒரு கட்டத்தில் விரல் வைத்தார்.

“இந்த மகள் எங்கே?”

“தேடிக்கிட்டிருக்கோம் மேடம்,” என்றார் பெரிய டாக்டர். “தப்பு ஆயாவோடது. எழுதி வாங்கிடுவோம்.”

தாளில் கைநாட்டு இல்லை. அறை வாசலில் ஸ்ட்ரெச்சர் அண்ணன் வந்து நின்றார். கருவி கழுவும் பெண்கள் இருவரும் கையுறையோடு வந்து நின்றார்கள்.

“உங்களுக்கெல்லாம் இங்க என்ன வேலை?” டாக்டரின் குரல் உயர்ந்தது.

ஒருவரும் நகரவில்லை. ஆயாம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை பிளீச்சிங்கில் வெந்து சொரசொரத்தது.

கல்லூரியில் வாய்மொழித் தேர்வில்கூட எனக்குக் குரல் வந்ததில்லை. அதிகாரியின் விரலுக்குக் கீழே இருந்த எழுத்தைப் பார்த்தேன்.

“மேடம், அந்த மகள் நான்தாங்க. டாக்டர் பாத்துக்கிட்டு இருக்கும்போதுதான் எழுதினேன்.”