மாடிக்கு ஏறிய சாமான்கள்

எங்கள் தெருவில் ஒற்றுமை என்பது மழைக்காலத்துப் பயிர். கோடையில் ஒரு குடம் தண்ணீருக்காகக் குடுமிப்பிடிச் சண்டை போடுவோம். மழை பிடித்துக் கொட்ட ஆரம்பித்ததும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகிவிடுவோம். வேறு வழி இல்லை. ஊர் வளர்ந்துகொண்டே போகிறது. பள்ளமாகக் கிடந்த மனைகளையெல்லாம் மண் கொட்டி மேடாக்கி ஆளுக்கொரு வீடு கட்டிவிட்டார்கள். சாலையையும் போடுகிற போதெல்லாம் உயர்த்தியே போடுகிறார்கள். முன்பு அங்கே நின்ற தண்ணீருக்கும் ஒரு போக்கிடம் வேண்டாமா? அது நேராக எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு வந்துவிடுகிறது.

அந்தக் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தது நானும் என் அக்காவும். நான் தையல்காரி. அக்கா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, எனக்கு ஆகியும் நிலைக்கவில்லை. மாடியில் வீட்டுக்காரம்மா. நல்ல மனுஷி. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒவ்வொரு வருஷமும் தண்ணீர் கேட்டைத் தாண்டியதும் முதல் குரல் அந்தம்மாவுடையதுதான். "எல்லாரும் வாங்க, கீழ்வீட்டு சாமான மேல ஏத்தணும்!" தெரு ஆட்கள் ஓடிவந்து படிக்கட்டில் வரிசையாக நிற்பார்கள். என் தையல் மிஷினின் தலை தனியாக, கால் தனியாக, மெத்தை, அடுப்பு, துணி மூட்டை, டிவி எல்லாம் கை மாறிக் கை மாறி மேலே போய்விடும். தண்ணீர் வடிகிறவரை அந்தம்மா வீட்டில்தான் எங்கள் சாப்பாடும் தூக்கமும். ஒரு தடவைகூட முகம் சுளித்தது கிடையாது.

இந்த வருஷம் அக்கா படுக்கையில் இருந்தாள். வயிற்றில் கட்டி. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, புடிச்சதக் குடுங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வாசல்படி ஏறியது. வழக்கம்போல ஆட்கள் வந்தார்கள், வழக்கம்போல சாமான்கள் ஏறின. கடைசியில் கட்டிலும் அதில் அக்காவும் மட்டும் பாக்கி. எலக்ட்ரீஷியனும், கேஸ் சிலிண்டர் போடுகிறவரும் கட்டிலுக்குக் குனிந்தார்கள். அப்போதுதான் வீட்டுக்காரம்மா பாதிப் படி இறங்கி வந்து குறுக்கே நின்றார்.

"அவங்கள மட்டும் கொஞ்சம் யோசிச்சுக்கலாம்மா."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"மேல பச்சப்புள்ள இருக்கு. பிரசவத்துக்கு வந்திருக்கிற என் பொண்ணு பயந்த சுபாவம். அவங்கள மேல வச்சு ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா, அந்த வீட்ல அவ எப்படிம்மா புள்ளையோட படுப்பா? ஆம்புலன்ஸுக்குச் சொல்லிப் பாரு."

ஆம்புலன்ஸுக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்று. பெரிய சாலையிலேயே தண்ணீர் ஓடுகிறது, வண்டி வராது என்றார்கள். நான் சுற்றிலும் பார்த்தேன். இத்தனை நேரம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள் என்று ஒரு வாய் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் மிஷினுக்கு மேல எடம் இருக்கு, என் அக்காவுக்கு இல்லையா?"

அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மிஷின் சாகாதும்மா."

அக்காவுக்குக் காது நன்றாகக் கேட்கும். கட்டிலிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். "கத்தாதடி. பவுடர் டப்பா எங்க?"

"மேல போயிடுச்சு."

"போய் எடுத்துட்டு வா. சீப்பும் எடுத்துக்க."

எதற்கென்று புரிந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருந்தாலும் ஓடினேன். தலை வாரினேன். ஒட்டிப்போன கன்னத்தில் பவுடரை அப்பினேன். பிளாஸ்டிக் நாற்காலியில் அவளைத் தூக்கி உட்காரவைத்தபோது அவள் பல்லைக் கடித்தது எனக்கு மட்டும் கேட்டது. பிறகு நிமிர்ந்து, முப்பது வருஷம் பஸ்ஸில் கத்திய அதே குரலை எங்கிருந்தோ எடுத்தாள்.

"என்னம்மா வீட்டுக்காரம்மா! உக்காந்து வர்ற பாசெஞ்சர நடுவழியில எறக்கி விடுவீங்களா? படுத்தாத்தானே பொணம்? வழி விடுங்க, வழி விடுங்க!"

ஆட்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். அந்தம்மாவும் அழுகையோடு அழுகையாகச் சிரித்தார். "அட, நல்லாத்தான் இருக்காங்க" என்று ஒதுங்கி நின்றார். நாற்காலி மேலே ஏறியது.

ஹாலை ஒட்டிய சின்ன அறையில் எங்கள் சாமான்களுக்கு நடுவே மெத்தையைப் போட்டேன். தைக்க வேண்டிய பள்ளிக்கூடச் சீருடைகள் குவிந்து கிடந்ததால் மிஷினின் தலையையும் காலையும் சேர்த்து மாட்டினேன். அக்கா கண்ணை மூடியபடியே சொன்னாள். "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்னன்னு சொல்லுவாங்க. சொன்னவன் நின்னுக்கிட்டிருந்திருப்பான். கட்டில்ல கெடக்கிறவளுக்கு சாண்தான்டி கணக்கு."

வீட்டுக்காரம்மா அடிக்கடி வந்து கதவுக்கு வெளியே நின்று கேட்பார். "எப்படி இருக்காங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "ஜம்முனு இருக்கேன்! பேரப்புள்ளய எப்பக் காட்டுவீங்க?" என்பாள். அந்த ஒரு பதிலுக்குப் பிறகு வெகுநேரம் மூச்சு வாங்கும். போதும், பேசாமல் இரு என்று கெஞ்சினேன்.

"நீ சும்மா இரு. டிக்கெட் எடுக்காம வந்திருக்கோம். செக்கிங் வந்தா பதில் சொல்லணும்ல."

மத்தியானம் மழை வலுத்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நான் போனதும் அழுதுடாத. தண்ணி வடியட்டும், அப்புறம் அழுதுக்கோ."

"வாயக் கழுவு" என்று திட்டினேன். அவளிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுதான். நான் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவள் இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் மூடினேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். நான் என் அக்காவை ஒரு போர்வையில் மறைத்தேன். கழுத்துவரை இழுத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தேன். அடிவயிற்றிலிருந்து அழுகை எழும்பி வந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் மிஷினில் உட்கார்ந்து மிதித்தேன். நூல் அறுந்தது தெரியாமல் மிதித்தேன். சத்தம் பெரிதாக இருந்தது. அதற்குள்ளே எனக்கு வேண்டிய அளவு முனகிக்கொள்ள முடிந்தது.

"எப்படி இருக்காங்க?"

"இப்பத்தாம்மா தூங்குறா."

"தூங்கட்டும், தூங்கட்டும். ஒடம்புக்கு நல்லது."

சாயங்காலம் மழை விட்டு வெயில்கூட எட்டிப் பார்த்தது. மிதித்து மிதித்து என் கால் மரத்துப்போயிருந்தது. கதவு திறந்தது. வீட்டுக்காரம்மா கையில் துணியில் சுற்றிய குழந்தையோடு நின்றார். பின்னால் அவர் மகள்.

"காலையில நான் பேசினது தப்புமா. மனசு உறுத்திக்கிட்டே இருக்கு. புள்ளயப் பாக்கணும்னு எத்தன தடவ கேட்டாங்க! பக்கத்துல கொஞ்ச நேரம் போடறேன். முழிச்சதும் பாக்கட்டும்."

மகளும் தலையாட்டினாள். பயந்த சுபாவம் என்றார்களே, அவள்தான். அந்தம்மா மெத்தையருகே மண்டியிட்டுக் குனிந்தார். நான் சும்மா இருந்திருந்தால் போதும். குழந்தையைப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரத்தில் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். வெளிச்சமும் மங்கிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு அன்று இரவு தங்க இடம் கிடைத்திருக்கும். ஆனால் அந்தப் பிஞ்சு முகம் அவள் குளிர்ந்த தோளுக்குப் பக்கத்தில் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அந்தம்மாவின் கையைப் பிடித்துவிட்டேன்.

"வேண்டாம்மா."

"ஏன், எந்திரிச்சுடுவாங்களா?"

பிடித்த கையை நான் விடவில்லை. அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். ஜன்னல் சாத்திய புழுக்கத்தில் எங்கள் எல்லோருக்கும் வியர்த்து வழிந்தது. அக்கா கன்னத்தில் பவுடர் காலையில் அப்பினபடியே இருந்தது.

அந்தம்மா கத்தவில்லை. எழுந்து குழந்தையை மகளிடம் கொடுத்து, "உள்ள போ" என்று கதவைச் சாத்தினார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எப்ப?"

"மத்தியானம்."

"அப்ப அந்த மிஷின் சத்தம்..."

"ஆமா."

என் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நடிப்பில்லை. என் அக்காவுக்காக என்னைத் தவிர அழுத ஒரே ஆள் அவர்தான். சரி, விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் எனக்கும் அழுகை வெடிக்க இருந்தது. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, என் தலையைத் தடவியபடியே சொன்னார்.

"இருட்டறதுக்குள்ள கீழ கொண்டு போயிடலாம்மா."

"கீழ இடுப்பளவு தண்ணி நிக்குது."

"மேஜையப் போட்டு அதுக்கு மேல கட்டிலப் போட்டா நனையாது. நான் ஆள் கூப்பிடறேன். நீயும் கீழ போய் வாய்விட்டு அழும்மா. இங்க புள்ள இப்பத்தான் கண்ணு மூடுச்சு."

எலக்ட்ரீஷியன் வந்தார், சிலிண்டர்காரர் வந்தார், கூப்பிடாதவர்களும் வந்தார்கள். யாரும் சுணங்கவில்லை. நான் தலைப்பக்கம் பிடித்தேன். கால் பக்கத்தைப் பிடிக்க அந்தம்மா வேறு யாரையும் விடவில்லை. பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்கி, எங்கள் எல்லோருக்கும் முன்னால் அந்தக் கறுப்புத் தண்ணீருக்குள் காலை வைத்தவர் அவர்தான். இடுப்புவரை நனைந்து, குளிரில் பல் கிட்டிக்க, "பாத்து, பாத்து, தலை இடிச்சிடப் போவுது" என்று அழுதுகொண்டே சொன்னார்.

அந்தம்மாவை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். வாய் வரவில்லை.