கூரைக்குப் போன சான்றிதழ்கள்

பல்கலைக்கழகப் பதிவறையில் இருந்த ஒரு பட்டச் சான்றிதழ், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு அலமாரியை விட்டு எழுந்து, கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. காற்றாக இருக்கும் என்று பதிவறை அக்கா மின்விசிறியை நிறுத்திப் பார்த்தார், இறங்கவில்லை. ஏணி போட்டு எடுத்து, மேலே ஒரு தடித்த விதிமுறைப் புத்தகத்தை வைத்தார். புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு மறுபடி போயிற்று. வியாழக்கிழமை நாளிதழில் அந்தச் சான்றிதழுக்கு உரியவனின் படம் வந்தது. கட்டடப் பொறியியல், முதல் வகுப்பு. மலையில் துப்பாக்கியோடு இருக்கும் இயக்கத்தில் சேரப் போவதாகக் கடிதம் எழுதி வைத்துவிட்டுச் செவ்வாயன்று வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தான். பேருந்து ஏறிய நேரம் பதினொன்றேகால்.

வேலை கொடுப்பவர் எழுதிக் கேட்கும்வரை அசல் சான்றிதழைத் தருவதில்லை என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் விதி. அதனால் அந்த அறையில் இருந்தவை எல்லாம் காத்திருப்பவர்களின் காகிதங்கள். ஆறு ஆண்டுகளில் நாற்பத்தொன்று கூரைக்குப் போயின. வெள்ளையடிக்க வந்தவர்கள் அவற்றைச் சுற்றியே அடித்துவிட்டுப் போனார்கள். இடையில் மலைக்காரர்கள் ஆற்றுப் பாலத்தை ரயிலோடு சேர்த்துத் தகர்த்தார்கள். பத்தொன்பது பேர் செத்தார்கள். பாலம் கட்டத் தெரிந்தவனால்தான் இத்தனை சுத்தமாக உடைக்க முடியும் என்று ஒரு பேராசிரியர் வாய்தவறிச் சொல்லிவிட்டு, ஒரு வாரம் விடுப்பில் போனார்.

அதன் பிறகுதான் அரசு ஓர் ஆய்வாளரை அனுப்பியது. விவரம் தெரியாதவர்கள்தான் இப்படிப் போகிறார்கள் என்று பாதி அறிக்கையை வரும்போதே எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஏணியில் ஏறி எண்ணினார். பொறியியல் இருபத்தாறு, மருத்துவம் ஏழு, அறிவியலும் வணிகவியலும் சேர்ந்து ஏழு, இலக்கியம் ஒன்று. பழைய அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டு, படிப்புதான் காரணம் என்று புதிதாக ஆரம்பித்தார். தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"சார், எங்க அண்ணன் பையன் மலைக்குப் போயி மூணு வருஷமாச்சு. பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்காதவன். அவனுக்கு எந்தப் பேப்பர் சார் பறக்கும்?"

ஆய்வாளர் பேனாவை மூடினார். வேலை கிடைத்த பிறகு மலைக்குப் போனவர்களின் காகிதமும் இங்கே இல்லை என்று பதிவறை அக்கா தன் பங்குக்குச் சொல்லிவைத்தார்.

"அப்போ நான் என்னத்தம்மா எழுதறது?"

"கூரையில இத்தனை இருக்குன்னு எழுதுங்க சார். அதுல ஒண்ணும் பொய் இல்லையே," என்றார் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள்.

அவர் மேலும் இரண்டு வாரம் இருந்து, அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்துவலியோடு ஊர் திரும்பினார். காரணம் உறுதியாகவில்லை என்பது அறிக்கையின் கடைசி வரி.

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை, அக்காவின் சொந்தத் தம்பியின் சான்றிதழ் அடித்தட்டிலிருந்து ஒரு சாண் எழும்பி நின்றது. மின்பொறியியலில் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம். மூன்று ஆண்டுகளில் பதின்மூன்று நேர்முகத் தேர்வுகள். பதின்மூன்றிலும் பிறகு சொல்லியனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். புதன்கிழமை அது இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது. அக்கா ஒரு நூலால் அதை மேசைக் காலோடு கட்டினார். நெஞ்சை யாரோ இறுக்குகிறார்கள் என்று தம்பி சோற்றுத் தட்டை விட்டு எழுந்துவிட்டதாக வீட்டிலிருந்து அம்மா தொலைபேசியில் அழைத்தாள். அக்கா நூலை அவிழ்த்துவிட்டு, அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார். அவன் கட்டிலில் உட்கார்ந்து சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"ஃப்ரெண்டு வீட்டுக்கு."

"ஃப்ரெண்டு வீட்டுக்கு ஏழு சட்டையா? என்ன, மாப்பிள்ளை பார்க்கக் கூப்பிட்டாங்களா?"

அவன் சிரிக்கவில்லை. "கணக்கு ஒண்ணு, அதுக்கு விடையும் ஒண்ணுதான் அக்கா. நீங்கல்லாம் போட்டுப் பார்க்க பயப்படுறீங்க."

"அந்த ரயில்ல பத்தொன்பது பேரு. அவங்க உன் கணக்குல எங்க வராங்க?"

"மீதியில," என்றான்.

அக்கா பழைய நாளிதழ்க் கட்டைப் பிரித்து, அந்தப் பத்தொன்பது பேரின் பட்டியலை அவன் முன்னால் போட்டு, ஒரு தாளையும் வைத்தார். மீதியை எழுதிக் காட்டு, ஒவ்வொருவரும் ஏன் மீதி என்று ஆளுக்கு ஒரு வரி, அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போ என்றார். கேள்வித்தாளைக் கண்டால் அவனுக்குக் கை நிற்காது. மளமளவென்று எழுதினான். நான்காவது பெயரில் நின்றான். வயது இருபத்துமூன்று, மின்பொறியாளர், நேர்முகத் தேர்வுக்குச் சென்றவர்.

"இவன் யாரு?"

"உன் ஜூனியர். அவன் அசல் இன்னும் எங்கிட்டதான் இருக்கு. வாங்கிக்க யாரும் வரலை."

"அது பறக்கலையா?"

"பறக்கிறதா? ஒத்தைக் காகிதம்டா, ரெண்டு கையால தூக்க வேண்டியிருக்கு."

அவன் நான்காவது வரியை எழுதினான், அடித்தான், மறுபடி எழுதினான், மறுபடி அடித்தான். அவனுடைய நான்கு வருட விடைத்தாள்களையும் கையாண்டவர் அக்கா. ஓர் அடித்தல்கூட அவற்றில் பார்த்ததில்லை. ஐந்தாவது பெயருக்கு அன்று அவன் போகவில்லை.

பை ஒரு மாதம் கட்டியபடியே கட்டிலுக்கடியில் கிடந்தது. பிறகு சட்டைகள் ஒவ்வொன்றாகத் தேவைப்பட்டு ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இப்போது அவன் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் கட்டும் கடையில் இருக்கிறான். அங்கே யாரும் அசல் கேட்பதில்லை. ஆகவே சான்றிதழ் பதிவறையிலேயே, மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல், இடுப்பு உயரத்தில் நிற்கிறது. சில நாள் நாலு விரற்கடை ஏறும். அன்று அக்கா கடைக்குத் தொலைபேசியில் அழைத்து, என்னடா பண்ற என்று கேட்பார். சென்ற வாரம் வேலைக்குச் சேர்ந்த புது எழுத்தர் கோப்புக் கட்டோடு வந்து அதன்மேல் இடித்துக்கொண்டு, இது என்ன மேடம் என்றார்.

"என் தம்பி," என்றார் அக்கா, பதிவேட்டிலிருந்து தலை நிமிராமல். "கொஞ்சம் சுத்திப் போங்க."