மூன்றாவது தட்டு

தண்ணீர் லாரி ஓட்டும் சுப்பராயன் எந்த மீட்டரையும் நம்பாதவர். டேங்க் நிறைந்துவிட்டது என்று பம்ப்செட்காரன் சத்தியம் செய்தாலும், மேலே ஏறி மூங்கில் குச்சியை உள்ளே விட்டு, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பார். ஒரகடத்து ஹாஸ்டல்காரர்கள் அவரைத் திட்டுவார்கள். தண்ணீரை மட்டும் அவரிடம்தான் வாங்குவார்கள்.

இப்போது அவர் குச்சி விட்டுப் பார்க்க வேண்டியிருந்தது மகள் மதிவதனியின் படிப்பை.

படப்பை ரோட்டில் டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஒரு ஆய்வகப் பயிற்சி மையம். அங்கே பயிற்சியை முடித்தால் வேலை தருவதாக ஒரு கம்பெனி சொல்லியிருந்தது. அதே நேரம் பார்த்து வாலாஜாபாத்திலிருந்து ஒரு வரன். மாப்பிள்ளையின் சித்தப்பா நாகப்பன் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: ஷிஃப்ட் வேலைக்குப் போகிற பெண் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை பதில் வேண்டும். சுப்பராயனுக்கு வரன் பிடித்திருந்தது. பயிற்சி பிடிக்கவில்லை. ரோபோ கோர்ஸ் படித்த மகன் ரகு, இன்றைக்குக் கம்பெனியில் ரோபோ நிற்கிற தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

"அப்படி இன்னாதான் கத்துக் குடுக்கறானுங்க அங்க?"

"பாக்டீரியாவுக்குள்ள புது ஜீன் ஏத்தறோம்ப்பா. கடல்ல கீற சொறிமீனு, ஜெல்லி மீனுன்னுவாங்களே, அதோட ஜீனு. அந்த ஜீனுக்குன்னு ஒரு சர்க்கரை கீது. அதைக் குடுத்தா ஜீன் வேலை செய்யும், ஊதா லைட்டு அடிச்சா பச்சையா எரியும். குடுக்கலன்னா சும்மா கெடக்கும்."

"பெயிண்ட் அடிச்சாலும் பச்சையாத்தான் எரியும்."

மதிவதனி சோற்றிலிருந்து கையை எடுத்தாள். "அப்ப நீயே வா. உன் கையால சர்க்கரை போட்டுப் பாரு. நான் சொல்றது தப்பாப் போச்சுன்னா, வாலாஜாபாத்துக்குச் சரின்னு நானே சொல்றேன். கரெக்டா இருந்தா, நீ வேணான்னு சொல்லணும்."

"ரைட்டு," என்றார் சுப்பராயன். பந்தயம் என்று வந்துவிட்டால் அவர் பின்வாங்குகிற ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை லாரியை டைல்ஸ் கடை ஓரமாக நிறுத்திவிட்டு மாடியேறினார். பயிற்சி கொடுக்கும் ஷாரோன் அவருக்கும் ஒரு கையுறை கொடுத்தாள். மதிவதனி சிறு குழாய் ஒன்றை ஐஸில் வைத்தாள். எடுத்துச் சுடுதண்ணீரில் முக்கினாள். மறுபடி ஐஸில் வைத்தாள்.

"வதைக்கிறியே, செத்துடாது?"

"கொஞ்சம் சாவும். ஆனா சூடு பட்ட அதிர்ச்சியில தோலு லேசா வழிவிடும். அந்த நேரம் ஜீன் உள்ள பூந்துக்கும்."

"சர்க்கரை எதுக்கு?"

"அதாம்ப்பா ஆர்டரு. ஆர்டர் இல்லாம எந்த கம்பெனியாவது லைன ஓட்டி கரண்ட்ட வீணாக்குவானா? பாக்டீரியாவும் அப்படித்தான்."

இது அவருக்குப் புரிந்தது. புரிந்ததாலேயே சந்தேகம் கூடியது. புரிகிற மாதிரி பேசித்தான் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள்.

"சர்க்கரைய நான் பக்கத்து ரூம்ல போட்டுக்கினு வருவேன். எதுல போட்டேன்னு சொல்லமாட்டேன். நீ கண்டுபிடி."

"சூப்பர் சார்," என்றாள் ஷாரோன். எதற்கு சூப்பர் என்று அவருக்குத் தெரியவில்லை.

இளஞ்சூடான கடற்பாசிக் கூழ் மூன்று குடுவையிலும், சர்க்கரைத் தண்ணீர் ஒரு புட்டியிலும் கொடுத்தார்கள். கூழைத் தட்டில் ஊற்றினால் உறைந்துவிடும். அதன்மேல்தான் பாக்டீரியா வளரும். சுப்பராயன் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பச்சை வெளிச்சம் இந்தப் புட்டிக்குள்தான் இருக்கிறது என்பது அவர் முடிவு. முதல் குடுவையில் சர்க்கரைத் தண்ணீரை விட்டார். இரண்டாவதில் ஒன்றும் விடவில்லை. மூன்றாவதிலும் விட்டார், விட்டுவிட்டு, வெயிலுக்காக வண்டியில் வைத்திருக்கும் குளுக்கோஸ் பாக்கெட்டை மடியிலிருந்து எடுத்துத் தாராளமாகக் கொட்டிக் கலக்கினார். அவர்கள் எதிர்பார்க்காத ஒன்றைக் கலந்தால் வேஷம் கலைந்துவிடும்; இது அவருடைய குச்சி. மூன்று தட்டிலும் ஊற்றி, உறைந்ததும் அடியில் எண் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். மதிவதனி பாக்டீரியாவைத் தேய்த்துப் பரப்பி, கதகதப்பான பெட்டிக்குள் தட்டுகளை வைத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜன்னலைச் சாத்தினார்கள். ஷாரோன் கையில் இருந்த ஊதா விளக்கைப் பார்த்ததும் சுப்பராயன் சிரித்தார். "கள்ள நோட்டு பாக்கற லைட்டுதான இது?"

"அதேதான் சார்."

முதல் தட்டில் புள்ளி புள்ளியாகப் பச்சை எரிந்தது. இரண்டாவது இருட்டு. மூன்றாவதும் இருட்டு. சுப்பராயனுக்கு உள்ளுக்குள் துள்ளியது. சர்க்கரை விட்ட தட்டே எரியவில்லை. மாட்டினாள்.

"முதல்ல சர்க்கரை கீது. ரெண்டாவதுல இல்ல," என்றாள் மதிவதனி.

"மூணாவதுலயும் இல்ல, எழுதிடலாம்," என்றாள் ஷாரோன்.

"இருங்க மேடம்." மதிவதனி ஜன்னலைத் திறந்து மூன்றாவது தட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். "புள்ளிங்க மத்ததைவிட கொழுத்துக் கீது. ஓரத்துல மஞ்சளா ஒண்ணு வளந்துகீது பாருங்க, அது நம்ம சரக்கே இல்ல. வெளியிலேர்ந்து இன்னாத்தயோ போட்டுகீறாரு." அப்பாவைப் பார்த்தாள். "இன்னாப்பா போட்ட?"

"நீதான் சொல்லணும்."

"குளுக்கோஸ் மாதிரி ஏதோ. அது பாக்டீரியாவுக்குப் பெரிய கம்பெனி ஆர்டர் மாதிரி. அது கைல கீறவரைக்கும் சில்லறை ஆர்டருக்கு லைன் ஓட்டாது. எங்க சர்க்கரை கூடவே இருந்தாலும் சீண்டாது."

"அப்ப அதுல உங்க சர்க்கரை கீதா, இல்லியா?"

மதிவதனி யோசித்தாள். "தெரியாதுப்பா. குளுக்கோஸ் இருந்தா, சர்க்கரை போட்டாலும் போடலன்னாலும் பாக்க ஒண்ணாத்தான் இருக்கும்."

சுப்பராயன் மகளை உற்றுப் பார்த்தார். தெரியாது என்கிறாள்! அவரை ஏமாற்றிய எவனும் வாயிலிருந்து அந்த வார்த்தையை விட்டதில்லை. இருந்தாலும் விடவில்லை. "சாக்கு சொல்ற. ஜீனே ஏறாம இருந்தா?"

"ஏறலன்னா அது உயிரோடவே இருக்காது. தட்டுல மருந்து கலந்துகீது. எங்க ஜீன் கூடவே அந்த மருந்தத் தாங்கற ஜீனும் ஏறுது. அந்த மஞ்சளு மாதிரி செலதுதான் பொறப்புலயே தாங்கும், நம்மளது தாங்காது. சரி, உனக்கு வாயால சொன்னா பத்தாது."

கம்பி வளையத்தை நெருப்பில் காட்டி ஆறவிட்டாள். மூன்றாவது தட்டின் கொழுத்த புள்ளி ஒன்றைத் தொட்டெடுத்து, சர்க்கரை மட்டும் போட்ட புதுத் தட்டில் கோடு கோடாக இழுத்தாள். "நாளைக்கு வா. எரியலன்னா நான் தோத்தேன்."

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார் சுப்பராயன். விளக்கையும் பிடுங்கிக்கொண்டார். போட்டார்.

கோடு மொத்தமும் பச்சை. கீரைப்பச்சை இல்லை, சிக்னல் பச்சை. நேற்று இருட்டில் முடங்கிக் கிடந்த அதே உயிர், அவள் இழுத்த கோணலோடு சேர்ந்து எரிந்தது. தட்டைத் திருப்பினார், மூடியைப் பார்த்தார், அடியைப் பார்த்தார். விளக்கை அணைத்து மறுபடி போட்டார். பச்சை அப்படியே இருந்தது.

மடியிலிருந்து குளுக்கோஸ் பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "இத்தான். உங்க சர்க்கரையும் அதுல இருந்துது."

"ஐயோ சார்!" என்று ஷாரோன் வாயைப் பொத்திக்கொண்டாள். மதிவதனி கத்திய கத்தலில் கீழே டைல்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

போன் அடித்தது. நாகப்பன்.

"இன்னாண்ணே, பொண்ணு அந்த வேலைக்குப் போவாதுல்ல?"

"போவும். எங்களுக்குத் தோதுப்படாது, வேற எடம் பாத்துக்கோ."

"இன்னாண்ணே திடீர்னு! அப்படி இன்னா வேல அது?"

"எது எப்ப எரியும், எப்ப எரியாதுன்னு கரெக்டா சொல்ற வேல. நானே குச்சி வுட்டுப் பாத்துட்டேன்." வைத்துவிட்டார்.

தண்ணீர் பாட்டிலைத் திறந்து குளுக்கோஸைக் கொட்டப் போனவரை ஷாரோன் தடுத்தாள். "சார், லேப்ல எதுவும் குடிக்கக் கூடாது."

"அதுவும் ரூலா?"

"மொத ரூலே அதாம்ப்பா," என்றாள் மதிவதனி.

மூன்று பேரும் கீழே இறங்கினார்கள். லாரியின் நிழலில் நின்று, டைல்ஸ் கடைக்காரரையும் கூப்பிட்டு, பாக்கெட் தீரும்வரை கலக்கிக் குடித்தார்கள்.