பிறந்த வீட்டுக் கோடி

தண்டாயுதபாணி தன் பங்குப் புளிச்சோற்றை முடித்துவிட்டு மனைவியின் பங்கில் கை வைத்தபோதுதான், மேலே பெண்கள் குளிக்கும் அருவிப் பக்கமிருந்து ஒருவன் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தான். ஈரச் சேலை பாறையெல்லாம் சொட்டியது. வந்தவன் கருப்பண்ணன், அவளுடைய தம்பி.

"எறக்குடா கீழ!"

அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு முன் அவர் வாயில் வந்தது அதுதான்.

"மாமா... நெஞ்சு வலிக்குதுன்னு சாஞ்சாங்க. அவ்வளவுதானுங்க."

பெரியநாயகியைப் பாறை நிழலில் கிடத்தினான். மூச்சு இல்லை. கண்களை மூடிவிடக் குனிந்த தண்டாயுதபாணி அவள் வலக்கையைப் பார்த்தார். விரல் இடுக்கில் கம்மஞ்சோறு ஒட்டியிருந்தது. அவர் வீட்டில் அன்று கம்பு ஆக்கவில்லை.

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் இரண்டு வீட்டுக்கும் இடையே வந்த பகை அது. அவர் மகனுக்கு உரிமையான முறைப்பெண்ணாகிய தன் மகளைக் கருப்பண்ணன் வேறிடத்தில் கட்டிக் கொடுத்துவிட்டான். சபையில் தலை குனிந்த தண்டாயுதபாணி, இனி அந்த வீட்டு முகத்தில் விழிக்கக் கூடாது என்று மனைவியிடம் சொன்னார். அவள் அழவில்லை, தலையாட்டினாள். அதை அவர் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்று. சித்திரையில் ஒருநாள் கொல்லிமலை அருவிக்குப் போய்வர வேண்டும். "பண்ணாடி சோடி போட்டுட்டு மலையேறறாருங்கோ" என்று பண்ணைக்காரரான அவரை ஊர் கேலி பேசியது. பொறுத்துக்கொண்டார். வழுக்குகிற இடத்தில் கைகூடக் கொடுத்தார். பெண்கள் குளிக்கும் இடத்துக்கு ஆண்கள் போவது மரியாதையல்ல என்று கீழேயே காத்திருப்பார். திரும்பி வந்து, "குளிச்சதுலயே வயிறு நெறஞ்சிருச்சுங்க, நீங்களே உண்ணுங்க" என்பாள். வருடாவருடம் அவள் சோற்றையும் அவரே தின்றார்.

"எத்தன வருசமாடா இது?"

கருப்பண்ணன் அக்காளின் ஈரச் சேலையை இழுத்துக் காலை மூடினான். அடிவாரத்திலிருந்து ஓடி வந்திருந்த வண்டிக்காரன் ரங்கன்தான் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"வருசா வருசந்தானுங்க, பண்ணாடி. அருவிக்கு அந்தப் பக்கம் பாறை மறைவுல தம்பி சோறு கொண்டாந்து காத்துக்கிட்டிருப்பாருங்க."

"உனக்கும் தெரியுமா?"

"ஊருக்கே தெரியுமுங்க."

மறுநாள் காலை. குளிப்பாட்டி மஞ்சள் பூசி வாசலில் கிடத்தியிருந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போர்த்தாமல் பிணத்தை எடுக்க முடியாது. கோடியைத் தட்டில் ஏந்திக்கொண்டு கருப்பண்ணன் பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றான். உள்ளே கூப்பிட ஒருவருக்கும் துணிவில்லை. தண்டாயுதபாணியின் அக்காள் முத்தாயம்மாள்தான் எழுந்தாள்.

"ஏன்டா, உன்ற வீராப்ப நீ சாகறப்பக் கட்டிட்டுப் போ. அவள எதுக்குடா நாதியத்தவளாட்ட அனுப்பறே?"

தண்டாயுதபாணி வாசலில் கூடியிருந்தவர்களைப் பார்த்தார். தன் வீட்டுப் பெண் கோடியில்லாமல் போனாள் என்று நாளை ஒருவன் சொல்லுவான்.

"அவன உள்ள உடுங்க."

கருப்பண்ணன் சேலையைக் கழுத்துவரை போர்த்தினான். எதிரே நின்ற தண்டாயுதபாணி தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அங்க உக்காந்து என்னத்தடா பேசுவீங்க?"

"பேச்சுன்னு ஒண்ணுமில்லீங்க மாமா. சின்ன வயசுக் கத. அக்கா சிரிச்சுக்கிட்டே இருக்கும். சிரிச்சுச் சிரிச்சுப் பொரையேறிப் போகும்."

"சிரிப்பாளா?"

"வாயப் பொத்திக்கிட்டுத்தானுங்க. கீழ உங்களுக்குக் கேட்டுருமின்னு."

கொம்பு ஊதினார்கள். தூக்குகிறவர்கள் தோள்துண்டை இறுக்கிக்கொண்டு நெருங்கினார்கள். பெரியநாயகியின் தாடையைச் சேர்த்து உச்சியில் முடிந்திருந்த வெள்ளைத் துணி சற்றே தளர்ந்திருந்தது. தண்டாயுதபாணி குனிந்து அதை அவிழ்த்து, இன்னும் இறுக்கிக் கட்டினார்.